ஒரே பொய்யால் அளந்தது

மே மாதம், மதியம் இரண்டரை.
காரைக்குடி, செக்காலை ரோட்டில் மாடியில் என் கடை.
அறைக்குள்ளேயே முப்பத்தாறு டிகிரி.
கூலர்களை ஒப்பிட இதைவிட நல்ல நாள் வராது.
ஏசி அறையில் எடுத்த எண்ணை
இந்த ஊரில் யார் நம்புவது?

கம்ப்யூட்டரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு
அக்காளும் தம்பியும் படியேறி வந்தார்கள்.
சாத்தப்பன் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவன்.
உமையாள் அதே அறையில், அதே மேசையின் மறுமுனையில்,
விடிய விடிய அமெரிக்க டாக்டர்கள் பேசுவதைக் கேட்டுத்
தட்டச்சு செய்கிறவள்.

"இவன் மெஷின் இரையிறப்ப
ஃபிஃப்டீன் எனக்கு ஃபிஃப்டின்னு கேக்குதுக்கா.
அது மருந்தோட மில்லிகிராம்."

திறந்தேன்.
அலுமினியச் செதில்களுக்கிடையே
செம்மண் ஒரு கம்பளி நெய்து வைத்திருந்தது.
ஊதினேன். காய்ந்த பேஸ்டைச் சுரண்டி
குண்டுமணி அளவு புதிதாய் வைத்தேன்.
தொண்ணூற்றைந்தில் முட்டிக்கொண்டு நின்றது
எண்பத்தாறுக்கு இறங்கியது.
எதையும் விற்பதற்கு முன்னால்
சொல்லியாக வேண்டிய உண்மை இது.
கூலி நூற்றைம்பது.

சத்தம் மட்டும் மாறவில்லை. நாற்பத்தாறு டெசிபல்,
மாவு மில்லின் தங்கச்சி.
அளந்தது என் போனில் இருக்கும் ஆப்.
அது சொல்வது பொய்யாகவும் இருக்கலாம்.
ஆனால் எல்லாவற்றையும் ஒரே பொய்யால் அளந்தால்
வித்தியாசம் மெய்தான்.

தாலி கட்டும் காட்சியை
கூலருக்கு ஒருமுறை ரெண்டர் செய்தோம்.
ஒவ்வொரு முறையும் மாப்பிள்ளைக்கு அதே வியர்வை.

ஒற்றைக் கோபுரம், நான்கு செம்புக் குழாய்,
ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய்:
எழுபத்தாறு டிகிரி, முப்பத்தெட்டு டெசிபல்.

இரட்டைக் கோபுரம், ஐயாயிரத்து நானூறு:
எழுபது, முப்பத்துமூன்று.
இருப்பதே தெரியாமல் ஓடியது.
ஆனால் பக்கத் தகடு மூடவில்லை.
மூன்று மில்லிமீட்டர்.
"திறந்தே வச்சுக்கலாம்" என்றான் சாத்தப்பன்.
"பல்லி விழுந்தா நீ எடுப்பியா" என்றாள் உமையாள்.

தண்ணீர் ஓடும் கூலர், எட்டாயிரத்துத் தொள்ளாயிரம்:
அறுபத்தொன்பது.
ஒரு டிகிரிக்கு இன்னும் மூவாயிரத்து ஐந்நூறு.
முப்பத்தேழு என்றது போன்.
பம்பின் அந்த மெல்லிய கொசுக் குரலை
போன் கண்டுகொள்ளவில்லை; உமையாள் கண்டுகொண்டாள்.
தம்பியோ உள்ளே எரியும் ஏழு வண்ண விளக்கையே பார்த்திருந்தான்.
வெளிச்சம் சூட்டைக் குறைக்காது தம்பி என்றேன்.
அவனுக்குத் தெரியும்.

பிறகு அவளைச் சுவர் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னேன்.
ஹெட்ஃபோனில் ஒரு பழைய பயிற்சி ஒலிப்பதிவு,
யாரோ ஒரு டாக்டர் யாருடைய இதயத்தையோ விவரிக்கிறார்.
முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றி ஓடவிட்டேன்.
ஒற்றைக் கோபுரத்தின் விசிறியை மட்டும்
ஆயிரத்து நூறு சுற்றுக்கு மேல் போகாமல் கட்டிப்போட்டேன்.
எண்பத்தொன்று ஆனது சூடு; சத்தம் முப்பத்துநான்கு.

"இது" என்றாள், திரும்பாமலே.

முழுக் கல்யாணத்துக்கும் நாலு நிமிஷம் கூடுமே என்றான் அவன்.
"நீ கல்யாணம் முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சுத்தானடா
வீடியோவே குடுக்கிற."

பில் இரண்டாயிரம்.
கொண்டு வந்தது ஒன்பதாயிரம்.
மீதி அவள் கைப்பைக்குள் போனதை
கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து
ஏழு வண்ணமும் பார்த்துக்கொண்டிருந்தன.

ஒரு வாரம் கழித்து, இரவு பதினொன்றுக்கு, போன்.
சூடு ஏறிவிட்டதா என்று பதறி எடுத்தேன்.

"மெஹரக்கா, மெஷின் நல்லா இருக்கு.
இப்ப இவன் சீப்புச்சீடை கடிக்கிறது கேக்குது.
அதுக்கு ஏதும் வச்சிருக்கீங்களா?"